மலைநாட்டில் நாயும் வெயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் இரண்டே இரண்டு அறை வைத்து ஒரு சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறேன். நாயோடு வருகிறவர்களுக்கும் அறை கொடுப்பேன் என்பது எப்படியோ பரவிவிட்டது, அதனால் ஏப்ரல் பிறந்தால் போன் ஓயாது. கீழே கோயம்புத்தூர், திருப்பூரில் இருந்து கேட்பவர்கள் ஒரு பக்கம், இங்கேயே எஸ்டேட்டிலும் ஹட்டியிலும் (படுகர் மக்களின் ஊர்) நாய் வளர்க்கிறவர்கள் இன்னொரு பக்கம். கேள்விகள் என்னவோ வருஷா வருஷம் அதேதான். இந்தத் தடவை உட்கார்ந்து எழுதிவிட்டேன். நான் கால்நடை டாக்டர் இல்லை. மூன்று நாய் வளர்க்கிறேன், அதில் ஒன்றை வெயிலில் கொன்றிருப்பேன், மயிரிழையில் தப்பித்தது. அந்தக் கதை கீழே வருகிறது.

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானலில் எல்லாம் நாய்க்கு வெயில் ஒரு பிரச்சினையா? இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுற்றுகிறோமே?

பிரச்சினைதான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுற்றுவதால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை.

ஊட்டியில் ஏப்ரல், மே மாத மதியம் சாதாரணமாக 22, 24 டிகிரி இருக்கும். குன்னூர், கோத்தகிரி இன்னும் தாழ்வு என்பதால் கொஞ்சம் கூடுதல். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி அடித்தது ஞாபகம் இருக்கலாம், அன்றைக்கு மார்க்கெட்டில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இந்த அளவெல்லாம் நிழலில் எடுப்பது. உங்கள் நாய் இருப்பது தகர ஷீட் போட்ட கூண்டிலோ, கண்ணாடி அடைத்த வராந்தாவிலோ, பூட்டிய காரிலோ என்றால் அந்த 24-க்கு அர்த்தமே இல்லை. அதோடு, உயரம் ஏற ஏற வெயிலின் புற ஊதாக் கதிர் கூடும், ஆயிரம் மீட்டருக்குக் கிட்டத்தட்ட பத்து சதவீதம். குளிர்ந்த காற்றில் நின்றுகொண்டே முகம் கறுத்துப் போவது இதனால்தான். ராஜபாளையம் மாதிரி வெள்ளை முடியும் ரோஸ் மூக்கும் உள்ள நாய்களுக்கு மூக்கு நுனியும் காது ஓரமும் தோல் உரிந்து புண்ணாவதை இங்கே பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம் பழக்கம். வெப்பத்துக்கு நாயின் உடம்பு பழகச் சில வாரங்களாவது பிடிக்கும். கீழே மேட்டுப்பாளையத்தில் தெருவில் திரிகிற நாய் மார்ச்சில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி மே மாதத்தை எப்படியோ ஓட்டிவிடும். நம் மலை நாய்க்கு அந்தப் பழக்கமே கிடையாது. திடீரென்று ஒரு நாள் வெப்பம் ஏறினாலோ, நாம் அதைக் கீழே கூட்டிக்கொண்டு போனாலோ, அன்றைக்கே பிரச்சினை.

நாய்க்கு வியர்க்காதா?

பாதத்து மெத்தையில் லேசாக வியர்க்கும், அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிறதே, அதுதான் அதன் வியர்வை. நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் இருக்கிற ஈரம் ஆவியாகும்போது ரத்தம் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் அந்த ஈரம் ஆவியாகாது, என்னதான் இரைத்தாலும் வேலைக்கு ஆகாது. கோடை மழைக்கு முன்னால் ஒரு புழுக்கம் இருக்குமே, மேகம் மூடி, இலை கூட அசையாமல், அந்த மதியங்களில் வெயிலே இல்லை என்று நினைத்து நாயை ஓட விடாதீர்கள்.

ஃபேன் போட்டு வைத்தால் போதுமா என்று கேட்பார்கள். வியர்வை இல்லாத உடம்பில் காற்று பட்டால் நமக்குக் கிடைக்கிற சுகம் அதற்குக் கிடைக்காது. வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாவற்றையும் தண்ணீரால் நனைத்துவிட்டு ஃபேன் போடுங்கள், அப்போது வித்தியாசம் தெரியும்.

எத்தனை டிகிரி வந்தால் ஆபத்து?

நம் 98.6 கணக்கு நாய்க்குப் பொருந்தாது. அதற்கு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை இயல்பு. ஓடி விளையாடி வந்தால் சற்று நேரம் 103 காட்டும், உட்கார்ந்ததும் இறங்கிவிடும். 105-ஐத் தாண்டினால் அவசரம். 106, 107 என்று போனால் சிறுநீரகம், குடல், மூளை, ரத்தம் உறையும் தன்மை என்று வரிசையாக எல்லாம் கெட ஆரம்பிக்கும். பார்மசியில் கிடைக்கிற சாதா டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கென்று ஒன்றைத் தனியாக வாங்கி, மேலே பெரிதாக எழுதியும் வைத்துவிடுங்கள். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

பூங்கா பார்த்துவிட்டு அரை மணியில் வந்துவிடுவோம், கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டுக் காரில் விட்டுப் போகலாமா?

கூடாது. சீசனில் நான் அதிகம் சண்டை போடுவது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

வெளியே 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், சுகமான ஊட்டி மதியம். வெயிலில் நிற்கும் பூட்டிய காருக்குள் பத்து நிமிஷத்தில் 34 ஆகிவிடும். அரை மணியில் 43. ஒரு மணி நேரத்தில் 48 பக்கம் வந்து நிற்கும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. நிழலில் நிறுத்தினேன் என்பார்கள், நிழல் நகரும். மேகமாக இருந்தது என்பார்கள், மலையில் மேகம் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று இங்கே ஒரு நாள் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அரை மணி என்பதும் கணக்கில் வராது. மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டிக்குள் கார் நிறுத்தி, டிக்கெட் வரிசையில் நின்று, பார்த்துவிட்டு, வண்டியை எங்கே விட்டோம் என்று தேடித் திரும்பி வர எவ்வளவு ஆகும் என்று போனவர்களைக் கேளுங்கள். ஒருவர் நாயோடு வெளியே நிழலில் உட்காருங்கள், இன்னொருவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு மனசு இல்லையென்றால் நாயை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். எனக்கு ஒரு புக்கிங் போனாலும் பரவாயில்லை.

மலைப் பாதையில் ஏறும்போதும் இறங்கும்போதும் என்ன கவனிக்க வேண்டும்?

ஏறும்போது பயம் குறைவு, மேலே வர வரக் குளிரும். மலைக்கு வரும் வண்டிகளின் இ-பாஸ் அனுமதியைப் பார்க்கிற இடத்திலும் கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது ஏசியை அணைத்துவிட்டு உட்காராதீர்கள், அவ்வளவுதான். தண்ணீரை வீட்டிலிருந்தே பெரிய கேனிலோ எவர்சில்வர் பாட்டிலிலோ எடுத்து வாருங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தால் திண்டாட வேண்டும்.

இறங்குவதுதான் விஷயம். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். நடுவில் 33 கிலோமீட்டர். ஒரு மணி நேரப் பயணத்தில் நாய் பன்னிரண்டு, பதினைந்து டிகிரி வித்தியாசத்தைச் சந்திக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கத்திரி வெயில் நேரம். காரமடையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்று ஜிம்மியையும் காரில் ஏற்றிக்கொண்டோம். லேப்ரடார் (லேப்) வகை, அப்போது ஒன்பது வயது, 41 கிலோ, அதில் ஏழெட்டு கிலோ நாங்கள் செல்லம் கொடுத்து ஏற்றியது. காரில் ஏசி வேலை செய்யாது, மலையில் ஏசி எதற்கு என்று ரிப்பேர் பார்க்காமலே விட்டிருந்தோம். குஞ்சப்பனையைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் ஒரு லாரி பழுதாகி நின்று, முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை. ஜிம்மி இரைக்க ஆரம்பித்தான். வளைவுகளில் வந்ததால் குமட்டுகிறது போல என்று நினைத்தோம். மறுபடி வண்டி கிளம்பி அடிவாரத்தை நெருங்கும்போது திரும்பிப் பார்த்தேன். நாக்கு ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குகிறது, நுனி கரண்டி மாதிரி அகலமாகிவிட்டது. எச்சில் கெட்டியாகி நூல் நூலாக சீட்டில் ஒட்டியிருக்கிறது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வால் ஆடவில்லை, கண் என்னைத் தாண்டி வேறெங்கோ பார்க்கிறது.

ரோட்டோரம் ஒரு இளநீர்க் கடையில் நிறுத்தி இறக்கினோம். பின்னங்கால் இரண்டும் மடங்கி அப்படியே சாய்ந்துவிட்டான். இங்கே நாய் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று நான் பதறுகிறேன், கடைக்கார அண்ணன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த பக்கெட்டைத் தூக்கி ஜிம்மி மேல் கவிழ்த்துவிட்டார். "மொதல்ல தண்ணிய ஊத்துங்கம்மா, ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப் போயிராது." மூன்று பக்கெட். தலையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், மூக்கில் தண்ணீர் ஏறாமல் இருக்க. அவர் பையன் பாக்கு மட்டையால் விசிறிக்கொண்டே இருந்தான். பத்து நிமிஷத்தில் ஜிம்மி தானாகத் தலையைத் தூக்கினான்.

அதற்கப்புறம்தான் டாக்டரிடம் போனோம். அங்கே பார்க்கும்போது 103.8. டாக்டர் முதலில் கேட்டதே "எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றினீர்கள்?" என்பதைத்தான். டிரிப் ஏற்றினார்கள், ரத்தப் பரிசோதனை செய்தார்கள், இரண்டு நாள் பேதியில் ரத்தம் போனது. பிழைத்துக்கொண்டான். கல்யாணச் சாப்பாடு நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. இளநீர்க்காரர் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார், அடுத்த முறை போகும்போது ஒரு கிலோ டீத்தூள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்படியென்றால் முதலுதவி எப்படி?

அந்த அண்ணன் சொன்ன வரிசைதான் சரியான வரிசை. பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களும் இப்போது இதையே சொல்கிறார்கள்: முதலில் குளிரவை, பிறகு கொண்டுபோ. மலையில் இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் எந்த எஸ்டேட்டில் இருந்தும் டாக்டர் இருக்கிற ஊருக்கு அரை மணிக்குக் குறையாது.

நாயை நிழலுக்கு நகர்த்துங்கள். கையில் கிடைக்கிற தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், மேல் முடி மட்டும் நனைந்தால் போதாது, வயிற்றுப் பக்கமும் தொடை இடுக்கும் தோல்வரை நனைய வேண்டும். ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நினைவு இருந்து, தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஈரத் துண்டைப் போர்த்திவிடுவது நம் எல்லோருக்கும் வருகிற முதல் யோசனை, அதுவும் தப்பு. கொஞ்ச நேரத்தில் அந்தத் துண்டு சூடாகி உள்ளே வெப்பத்தை அடைத்து வைத்துவிடும். ஈரச் சாக்கை அடியில் விரிக்கலாம், மேலே போர்த்தக் கூடாது.

தெர்மாமீட்டர் இருந்தால் 103-க்கு வந்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். இல்லையென்றால் இரைப்பு தணிவதை, அல்லது உடம்பு நடுங்க ஆரம்பிப்பதைப் பாருங்கள். அதற்கு மேல் ஊற்றினால் உடல் வெப்பம் தேவைக்குக் கீழே போய்விடும், மலையில் சாயங்காலக் காற்றில் இது சீக்கிரம் நடக்கும். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டோ ஏசி போட்டோ டாக்டரிடம் கொண்டு போங்கள்.

எழுந்து நடக்கிறதே, வாலை ஆட்டுகிறதே, எதற்கு டாக்டர் என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே ஏற்பட்ட சேதம் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் வெளியே வரும்.

ஐஸ் தண்ணீர் ஊற்றினால் ஷாக் ஆகிச் செத்துவிடும் என்கிறார்களே?

பல வருஷமாகச் சொல்லி வந்தது இது. இப்போது அந்தப் பயத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். நல்ல ஆரோக்கியமான, இளம் நாய்க்குக் குளிர்ந்த தண்ணீரால் ஆபத்து இல்லை, தொட்டியில் இறக்கினாலும் சரி, தலை மட்டும் மேலே இருக்க வேண்டும். வயசான நாய், இதய நோய் உள்ள நாய் என்றால் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுவது போதும். வெதுவெதுப்பான தண்ணீர் தேடிக்கொண்டோ ஐஸுக்குக் கடைக்கு ஆள் அனுப்பிக்கொண்டோ நேரத்தை விடாதீர்கள். மலைக் குழாயில் வருகிற தண்ணீரே போதுமான ஐஸ்தான்.

காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் இல்லை, வெளிச்சூடு. மாத்திரை அதைக் குறைக்காது. பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாய்க்கு விஷமாகவும் மாறும்.

ஹீட் ஸ்ட்ரோக் வருகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

இரைப்பு நிற்காமல் சத்தமாகும், எச்சில் கெட்டியாகும், ஈறு செக்கச் செவேல் என்றாகும். நிழலைத் தேடிப் படுத்த நாய் எழுந்திருக்க மறுக்கும். அடுத்த கட்டம் தள்ளாட்டம், வாந்தி, ரத்தப் பேதி, கூப்பிட்டால் கேட்காத மாதிரி இருப்பது, வலிப்பு. சிவந்த ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ போனால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது. ஈறு பார்க்க இப்போதே பழகிக்கொள்ளுங்கள், உதட்டைத் தூக்கினால் தெரியும். சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும், அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள்.

எந்த நாய்களுக்கு ஆபத்து அதிகம்?

மூஞ்சி சப்பையான எல்லாவற்றுக்கும். பக், ஷிட்சூ, புல்டாக், பாக்ஸர். மூச்சுப் பாதையே குறுகல், இரைத்துக் குளிர்வது அவற்றுக்குப் பாதி வேலைதான் செய்யும். பக் தூங்கும்போது குறட்டை விடுவதை வீடியோ எடுத்து ரசிக்கிறோம், மூச்சுக்கு அது படும் பாடுதான் அந்தச் சத்தம்.

அடுத்து குண்டு நாய்கள், கிழ நாய்கள், இதய நோய் உள்ளவை, குட்டிகள். வயசான லேப்ரடாருக்குக் குரைக்கும் சத்தம் கரகரவென்று மாறினால், நடந்தாலே மூச்சில் இழுப்புச் சத்தம் கேட்டால், குரல்வளையில் கோளாறு இருக்கலாம். வெயில் காலம் முற்றும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஹஸ்கியை மலையில் வளர்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கோயம்புத்தூரில் வளர்ப்பதைவிட இங்கே வளர்ப்பது மேல், எங்கேயும் வாங்காமல் இருப்பது இன்னும் மேல்.

சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை மாதிரி நம்மூர் நாய்களும் தெரு நாய்களும் வெயிலை ஓரளவு தாங்கும். தாங்கும் என்பதால் கட்டிப்போட்டு மறந்துவிடலாம் என்று அர்த்தம் இல்லை.

முடியை ஒட்ட வெட்டிவிட்டால் குளிர்ச்சியாக இருக்குமே?

இரண்டு அடுக்கு முடி உள்ள நாய்களுக்கு (ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், லேப்) மழிக்காதீர்கள். அந்த முடி வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது, வெட்டினால் சரியாக முளைக்காமலும் போகும். மலையில் இன்னொரு சங்கடம், மதியம் வெயில் கொளுத்தினாலும் ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும், மொட்டை நாய் நடுங்கும். வெட்டுவதற்குப் பதிலாகச் சீப்பு எடுங்கள். வாரத்தில் மூன்று நாள் உள்முடியை வாரி எடுத்தாலே காற்று உள்ளே போகும். எங்கள் வீட்டில் ஒரு தடவை வாரினால் சின்னத் தலையணைக்குப் பஞ்சு வரும், கொல்லையில் போட்டால் குருவிகள் கூடு கட்ட எடுத்துப் போகின்றன. ஷிட்சூ மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கிற முடிக்கு அளவாக வெட்டலாம், தவறில்லை.

நடை எப்போது போகலாம்? டீ எஸ்டேட்டில் அவிழ்த்துவிடலாமா?

காலை ஏழரைக்குள், சாயங்காலம் ஐந்துக்கு மேல். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும், சிறுத்தை இருக்கிற ஊர் இது. ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். வைத்திருக்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது. 25 டிகிரி நாளில்கூடத் தார் ரோடு 50-ஐத் தொடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை அலசியபோது, வெப்பத்தால் பாதிக்கப்பட்டு வந்த நாய்களில் நான்கில் மூன்று ஓட்டம், விளையாட்டு, நடை ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவை. காரில் மாட்டியவை நூற்றுக்கு ஐந்துதான். குளிர்ந்த நாடு அது, நம் மலை மாதிரியே. கீழே இருந்து வருகிறவர்கள் செய்வது இதைத்தான்: மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிற நாயை இங்கே புல்வெளியில் அவிழ்த்துவிட்டு, "ஆசை தீர ஓடட்டும்" என்று பந்தை எறிந்துகொண்டே இருப்பது. நாய் தானாக நிறுத்தாது. நீங்கள் எறிகிறவரை அது ஓடும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நீங்கள்தான் நிறுத்தி உட்கார வைக்க வேண்டும்.

எஸ்டேட்டுக்குள் அவிழ்த்துவிடாதீர்கள். மருந்து அடித்திருப்பார்கள், பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டால் தொல்லை, எலிக் காய்ச்சலும் அந்தத் தண்ணீர் வழியாகத்தான் வரும். அப்புறம் காட்டெருமை. வெயில் காலத்தில் காட்டில் புல் காய்ந்துவிட்டால் அவை டீச்செடிக்கு நடுவே வந்து நிற்கும். துரத்திக்கொண்டு ஓடிய நாய் முட்டுப்படாமல் திரும்பி வந்தாலும் மூச்சு வாங்கி விழும்.

வாயைக் கட்டுகிற துணிப்பட்டை போட்டு நடத்தாதீர்கள். வாயைத் திறக்க முடியாத நாய் எப்படி இரைக்கும்? கட்டாயம் வேண்டுமென்றால் கூடை மாதிரி இருக்கிற வகையை வாங்குங்கள்.

பகலில் ஷெட்டில்தான் கட்டுகிறோம். ராத்திரி சிறுத்தை பயம் என்பதால் கூண்டு முழுக்க அடைத்த மாதிரி கட்டியிருக்கிறோம். என்ன செய்வது?

நியாயமான சிக்கல், கீழே இருக்கிறவர்களுக்கு இது புரியாது. சிறுத்தைக்காக நாலு பக்கமும் தகரம் அடித்த கூண்டு ராத்திரி கோட்டை, மதியம் அடுப்பு. இரண்டுக்கும் ஒரே கூண்டு வேண்டாம். ராத்திரி வீட்டுக்குள் படுக்க வையுங்கள், சமையல்கட்டு மூலையில் ஒரு சாக்கு போதும். பகலுக்கு மர நிழலில் நீளமான கயிறு போட்டுக் கட்டுங்கள், ஆனால் நிழல் மதியம் எங்கே போகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். காலையில் நிழலாக இருந்த இடம் ஒரு மணிக்கு வெட்டவெளியாகி, நாய் கயிற்றின் நுனியில் நின்று நிழலை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கூண்டைத் தவிர வழியில்லை என்றால் தகரத்துக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றோ காய்ந்த புல்லோ பரப்புங்கள், ஒரு பக்கத்தை மட்டும் கம்பி வலையாக மாற்றுங்கள். சும்மா தகரத்தின் மேலேயே போட்டால் அவ்வளவு பலன் இல்லை, நடுவில் காற்று போக வேண்டும்.

தண்ணீர், சாப்பாடு?

ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 50, 60 மில்லி தண்ணீர் என்பது சாதாரணக் கணக்கு. இருபது கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல். வெயிலில் இது கூடும். இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்றைத் தட்டிவிட்டாலும் இன்னொன்று இருக்கும். மண் சட்டி நல்லது, கனமாக இருப்பதால் கவிழாது. குழாயில் வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் வருகிற ஏரியாக்களில் நாயின் பங்கையும் சேர்த்துப் பிடித்து வையுங்கள்.

சாப்பாட்டை மதியம் கொடுக்காமல் காலையிலும் இருட்டிய பிறகும் கொடுங்கள். தயிர்ச் சோறு, உப்பில்லாத மோர் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும், தாளித்த வெங்காயம் மட்டும் இருக்கக் கூடாது, வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். தர்பூசணி விதை எடுத்துக் கொடுக்கலாம். மாங்கொட்டை குடலில் அடைத்துக்கொண்டு ஆபரேஷன் வரை போகும். திராட்சை வேண்டவே வேண்டாம். ஊட்டிக்கு வந்தால் எல்லோரும் கிலோ கணக்கில் சாக்லேட் வாங்கிக் காரின் பின்சீட்டில் வைப்பீர்கள், பக்கத்திலேயே நாய். டார்க் சாக்லேட் அதற்கு விஷம், டிக்கியில் வையுங்கள்.

தினமும் குளிப்பாட்டலாமா?

வேண்டாம், தோல் வறண்டு அரிப்பு வரும். பாதத்தையும் வயிற்றையும் நனைத்தால் போதும். குளிப்பாட்டுவதாக இருந்தால் காலை பத்து, பதினொன்றுக்கு. நாலு மணிக்கு ஆலங்கட்டி மழை அடித்து ராத்திரி ஜில்லென்று ஆகிவிடுகிற ஊரில் சாயங்காலக் குளியல் குட்டிகளுக்கு நல்லதல்ல.

உண்ணி வெயிலில் அதிகமாகிறதே?

ஆகும். சூடு ஏறினால் அதன் முட்டை பொரிவதும் வேகமாகும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாயும் சோர்ந்து, இரைத்து, சாப்பிடாமல் கிடக்கும், வெயில் என்று நினைத்து ஒரு வாரம் விட்டுவிடுவோம். ஈறு வெளுத்திருந்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் தினமும் தடவிப் பாருங்கள். பட்டையைக் கழற்றிப் பார்ப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மண்ணெண்ணெய் தடவும் பழைய வைத்தியம் தோலைச் சுட்டுவிடும், செய்யாதீர்கள்.

தெரு நாய்களுக்குத் தண்ணீர் வைத்தால் கரடி வருகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா திட்டுகிறார்.

அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெயில் காலத்தில் கரடியும் காட்டெருமையும் தண்ணீருக்கு ஊருக்குள் வரத்தான் செய்யும். காலையில் வையுங்கள், இருட்டும் முன் கவிழ்த்து எடுத்து வையுங்கள். கொசுவுக்கும் அதுதான் மருந்து. சோறு, பிஸ்கட் மிச்சம் அங்கே கிடக்கக் கூடாது, கரடிக்கு ஆசை காட்டுவது தண்ணீரைவிட அதுதான்.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

பக்கத்தில் இருக்கிற அரசு கால்நடை மருந்தகம், ஒரு தனியார் டாக்டர், கீழே ஊரில் ஒரு டாக்டர் என்று மூன்று எண்களை இப்போதே போனில் போட்டு வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1962 என்பது நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண், முக்கியமாக ஆடு மாடுகளுக்கு. வழி கேட்கவாவது உதவும். சிக்னல் இல்லாத எஸ்டேட்டில் இருந்தால் எண்களைச் சுவரில் எழுதிவிடுங்கள்.

இவ்வளவு சொல்கிறீர்கள், எங்கள் நாய் தானாகவே வெயிலில் போய்ப் படுக்கிறதே?

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். காலைப் பனிக்குப் பிறகு ஒன்பது, பத்து மணி வெயில் நாய்க்குச் சுகம், கிழ நாய்க்கு மூட்டு வலிக்கும் இதம், விடுங்கள். பதினொன்றுக்கு மேலும் எழுந்து வரவில்லையென்றால் நீங்கள் போய் எழுப்ப வேண்டும். ஜிம்மிக்கு இப்போது பதினொரு வயது, காதும் சரியாகக் கேட்பதில்லை, கூப்பிட்டால் வர மாட்டான். தட்டில் ஸ்பூனைத் தட்டினால் மட்டும் எப்படியோ கேட்கிறது.